ராவுத்தர் துட்டு

மட்டாஞ்சேரியில் துட்டு என்ற சொல்லை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மலையாளிகள் பைசா என்பார்கள், காசு என்பார்கள், கேலிக்குச் சக்கரம் என்பார்கள். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் காசு, பணம் இரண்டோடு சரி. வீட்டில் துட்டு என்று சொன்னால் அம்மா முகம் சுளிப்பாள். அது மதராஸில் ரிக்ஷா இழுப்பவர்கள் பேசுவது என்பது அவள் எண்ணம். யூதர்கள் குடியிருந்த ஜூ டவுன் தெரு பஜாரைத் தொடும் இடத்தில் சாயாக்கடை வைத்திருந்த ராவுத்தருக்கோ அது துட்டு மட்டும்தான்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை எழுதப் போவதில்லை. ஊர் முழுக்க ராவுத்தர் என்றுதான் கூப்பிட்டது. அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். நான் அந்தத் தெருவில் ஒரு மிளகு கமிஷன் மண்டியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது 1972இல். மண்டியை விட்டது 1986இல். இடைப்பட்ட பதினான்கு வருஷமும் காலை பதினொரு மணிக்கு ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று என்று அவர் கையால் சாயா குடித்தேன். எதையும் தேதியோடு குறித்து வைக்கும் வழக்கம் எனக்கு அப்போதே உண்டு என்பதால் இதையெல்லாம் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

எல்லாக் காசும் அவருக்குத் துட்டு அல்ல. ஒரு ரூபாய்க்கு உள்ளே இருந்தால்தான் துட்டு. ரூபாயைத் தாண்டினால் குரலைத் தாழ்த்திப் பணம் என்பார், பக்கத்தில் யாரோ தூங்கிக்கொண்டிருப்பது போல. கடைக்கு வாடகை கேட்டு வருகிறவர் கேட்பது பணம். பள்ளிவாசல் கமிட்டிக்காரர் கேட்பதும் பணம். கடை வாசலில் வந்து கை நீட்டும் கிழவர் கேட்பது துட்டு. “துட்டு கேக்கறவனைப் பிச்சைக்காரன்னு சொல்றாங்க. பணம் கேக்கறவனை மட்டும் முதலாளீங்கறாங்க. ரெண்டு பேரும் நீட்டறது கைதானே?” என்று ஒரு நாள் சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார். அந்த நேரம் கடையில் உட்கார்ந்திருந்த எங்கள் மண்டி முதலாளி மெல்ல எழுந்து போனார்.

அந்தக் காலத்தில் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். துட்டு என்பது தமிழில் பிறந்த சொல் இல்லை, டச்சுக்காரர்களின் செப்புக்காசுப் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு புத்தகத்தில் கண்டதும் ஓடிப்போய் ராவுத்தரிடம்தான் சொன்னேன். டச்சுக்காரர்கள் நூற்றுமுப்பது வருஷம் கொச்சியைக் கையில் வைத்திருந்தவர்கள். கடையிலிருந்து கல்லெறி தூரத்தில் அவர்கள் பெயரில் ஒரு அரண்மனையே நிற்கிறது. சொல்லும் காசும் ஊரும் இப்படி ஒன்றாகக் கூடி வந்ததில் எனக்கு ஒரே பரவசம்.

“டச்சுக்காரன் இங்கெ வந்து சாயா குடிச்சானா?” என்றார் ராவுத்தர்.

“அப்ப இங்க ஏது சாயாக்கடை?”

“சாயா குடிக்க ஒக்காராதவனுக்குத் துட்டு எதுக்கு?” என்றவர், அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விட்டார். என் ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

ஆனால் ராவுத்தரைப் பற்றி ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் துட்டைச் சொல்ல மாட்டேன். அவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. அதைத்தான் சொல்வேன்.

வராது என்றால் நாக்கே புரளாது. பரோட்டா இருக்கிறதா என்று கேட்டால், தீர்ந்து போயிருந்தால், “நாளைக்கு இருக்கு” என்பார். ஏலக்காய் போட்ட சாயா உண்டா என்றால் “இஞ்சி உண்டு” என்பார். கடையை அடைத்துக் கொண்டிருக்கும்போது வருகிறவனிடம் கடை மூடியாச்சு என்று சொல்ல மனசு வராமல், பாதி போட்ட பலகையை மறுபடி எடுப்பார். 1973இல் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தான். அடுத்த மாதம் அவன் மைத்துனன் வந்தான். வருஷக் கடைசியில் ராவுத்தரின் உயிருக்கு நான்கு பாலிசி. சங்கதி தெரிந்ததும் அவர் மனைவி மூன்றைத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்கே போய் வாக்குவாதம் செய்துவிட்டு வந்தார்.

அந்த அக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடைக்குப் பின்னால் தட்டி மறைத்த சமையலறையில் இருப்பார். முகம் அதிகம் தெரியாது, குரல் தெரியும். வாசலில் யாராவது ராவுத்தரிடம் கேட்கக் கூடாததைக் கேட்டால், தட்டிக்குப் பின்னாலிருந்து “இல்லைன்னு சொல்லுங்க!” என்று வரும். ராவுத்தர் வந்தவரைப் பார்த்துச் சிரித்தபடி, “கேட்டீங்களா, வீட்டுல சொல்றாங்க” என்பார். “இந்த மனுஷனுக்குப் பதிலா இல்லை சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டிப்போச்சு தம்பி” என்று ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார்.

இந்தக் குணம் அவரை விட்டுப் போகவே இல்லை என்பதற்கு எண்பத்தொன்றில் நடந்ததைச் சொல்லலாம். யூதர்களின் ஜெப ஆலயத்தைப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதிகள் கடையில் உட்கார்ந்து ஐஸ் காபி கேட்டார்கள். அந்தக் கடையில் காபியும் கிடையாது, ஐஸும் கிடையாது. ராவுத்தர் தலையை ஆட்டினார். காபி பக்கத்துக் கடையிலிருந்து வந்தது. ஐஸ் வந்த இடம் மீன் ஏலக் கூடம். வெள்ளைக்காரர் ஒரு வாய் குடித்து, கொஞ்ச நேரம் யோசித்து, இது கேரளத்துக்கே உரிய சுவையா என்று மரியாதையாகக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். “ஆமான்னு சொல்லுங்க. அயிலைமீன் சுவை” என்றார் ராவுத்தர்.

இப்படிப்பட்ட மனிதருக்கு 1974இல் ஒரு சோதனை வந்தது. ஊரில் சில்லறை மறைந்துபோனது. எங்கே போனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காசை உருக்குகிறார்கள் என்றார்கள், பதுக்குகிறார்கள் என்றார்கள். எப்படியோ, பஜாரில் ஐந்து பைசாவைக் கண்ணால் பார்ப்பது அரிதாகிவிட்டது. கடைக்காரர்கள் மீதிக்குப் பதில் புதினா மிட்டாய் கொடுத்தார்கள், தீப்பெட்டி கொடுத்தார்கள். பீடி பிடிக்காத எங்கள் வீட்டில் ஒரு அலமாரி நிறையத் தீப்பெட்டி சேர்ந்தது.

ராவுத்தர் கடையில் சாயா இருபது பைசா. எல்லாரும் நீட்டுவது கால் ரூபாய். ஒவ்வொரு கிளாஸுக்கும் அவர் ‘சில்லறை இல்லை’ என்று சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு முன்னூறு தடவை. முதல் வாரம் ஐந்து பைசாவுக்குப் பதில் அரைப் பருப்புவடை கொடுத்துப் பார்த்தார். தட்டிக்குப் பின்னாலிருந்து, “அரை வடைக்குப் பருப்பு யாரு தருவா?” என்று குரல் வந்தது. அதன்பிறகு இரண்டு நாள் அவர் வாடிக்கைக்காரர் முகத்தையே பார்க்காமல் சாயா ஆற்றினார். மூன்றாம் நாள் சிகரெட் அட்டைப்பெட்டிகளைக் கத்தரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அட்டைத் துண்டுகளில் ஏதாவது குறி வேண்டும் என்றதும் என் சிநேகிதன் சேவியர் ஞாபகத்துக்கு வந்தான். சேவியர் கும்பளங்கிக்காரன். எங்கள் மண்டியில் சாக்குகளுக்குக் குறி போடுகிறவன். எழுத்தும் எண்ணும் வெட்டிய தகட்டைச் சாக்கின் மேல் வைத்துக் கறுப்புச் சாயத்தைப் பூசினால் குறி விழும். அவன் ஒரு மத்தியானத்தில் விரல்நுனி அளவுக்குச் சாயா கிளாஸ் உருவம் வெட்டிய ஒரு குட்டித் தகடு செய்து, எல்லா அட்டையிலும் குறி போட்டுக் கொடுத்தான். ஒரு அட்டை ஐந்து பைசா. நான்கு கொடுத்தால் ஒரு சாயா.

“காசு வரும்போது காசு தர்றேன். அதுவரைக்கும் இது துட்டு” என்று ராவுத்தர் ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். அவர் கொடுத்தது ஒரு துண்டு அட்டையை. முகத்தில் இருந்தது கடன் தீர்த்தவரின் நிம்மதி.

ராவுத்தர் துட்டு என்று அதற்குப் பெயர் வந்தது. நாங்கள் யாரும் எதிர்பாராத விதமாக அது கடையை விட்டுக் கிளம்பிவிட்டது. எதிர்ச்சாரிச் சவரக்காரர் வாங்கிக்கொண்டார், அவரும் ராவுத்தர் கடையில் சாயா குடிப்பவர்தானே. பப்படம் விற்கும் கொங்கணி அம்மாள் வாங்கினாள். சீட்டாடுகிறவர்கள் வாங்கினார்கள். ஒரு நாள் பள்ளிவாசல் உண்டியலில் இரண்டு கிடந்ததாகக் கமிட்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது, ராவுத்தர் கண் கலங்கிவிட்டது. அவமானத்தால் அல்ல. “அல்லாவும் வாங்கிக்கிட்டான் தம்பி” என்றார்.

அப்புறம் ஆடி மாதத்துக் கர்க்கடக மழை வந்தது.

கும்பளங்கியிலிருந்து தினமும் நனைந்துகொண்டே வருகிறவன் சேவியர். ஒரு நாள் சட்டைப்பையில் கைவிட்டவன் கூழ் எடுத்தான். அவன் சேர்த்து வைத்திருந்த பதினொரு துட்டும் ஒன்றோடொன்று கரைந்து கறுப்புக் களியாகியிருந்தன.

“எடா, எண்டெ மூணு சாயா போயி” என்று அழாத குறை.

“ரெண்டே முக்கால் சாயா” என்று திருத்தினேன்.

“நினக்கு ஒரு கணக்கு!” என்று களியை என்மேல் எறிந்தான். ராவுத்தரிடம் சொன்னால் உடனே புதிதாகப் பதினொன்று கொடுத்திருப்பார். அதனாலேயே கேட்கச் சங்கடமாக இருந்தது என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை வேறு. மண்டியில் ஒரு பழைய எண்ணெய் டின் கிடந்தது. தோலில் ஓட்டை போடும் உளி ஒன்றைச் சேவியர் தன் மாமாவிடமிருந்து கொண்டுவந்தான். டின்னின் பக்கத்தகட்டில் அதை வைத்து ஓங்கி அடித்தால், கால் ரூபாய் அளவுக்கு வட்டமான வில்லை டணங் என்று துள்ளி விழுந்தது. அந்தச் சத்தத்துக்காகவே அடித்துக்கொண்டே போனோம். குறித் தகடு எங்களிடமே இருந்தது. மழைக்குக் கரையாத துட்டு தயார்.

கரைந்தது பதினொன்று. நாங்கள் அடித்தது நாற்பது. அன்று ராத்திரி டைரியில் நாற்பது என்றே எழுதினேன். குறைத்து எழுதத் தோன்றவில்லை. பத்துச் சாயாவுக்கான துட்டு.

முதல் தகரத் துட்டு நான்கையும் கொண்டுபோய் ராவுத்தரிடம் கொடுத்தவன் நான்தான். வாங்கினார். ஒன்றை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். அது கல்மேஜைமேல் விழுந்து பாடியது. கல்லாப் பெட்டியிலிருந்து அவர் அப்படி எதையும் யாருக்கும் கொடுத்ததே இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

“கொள்ளாம், நல்லாருக்கு. மழையில கரையாது” என்றார். சாயா வந்தது. அடுத்தாற்போல் கால் ரூபாய் நீட்டிய ஆளுக்கு, அந்த நான்கில் ஒன்றை எடுத்துத் தானே மீதியாகக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிச் சாயாவுக்கு நான் உட்கார்ந்திருந்தபோது எஸ்.ஐ. வந்தார். கூடவே ஒரு கான்ஸ்டபிள். எஸ்.ஐ. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார், அந்தக் கடையின் பழைய வாடிக்கை. அன்று அவர் பெஞ்சில் உட்காரவில்லை. கைக்குட்டையை விரித்து ஏழு தகர வில்லைகளைக் கல்மேஜைமேல் வைத்தார். எர்ணாகுளம் போகும் தனியார் பஸ்ஸில், நெரிசலில், யாரோ கால் ரூபாய் என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள். சிலவற்றில் குறி அழிந்திருந்தது. மூன்றில் சாயா கிளாஸ் பளிச்சென்று தெரிந்தது.

அக்கா அன்று கடையில் இல்லை. தங்கை மகள் நிக்காஹுக்குப் பாலக்காடு போயிருந்தார். தட்டிக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

“ராவுத்தரே” என்றார் எஸ்.ஐ. “நீங்க அட்டை குடுக்கறது எனக்கும் தெரியும். நானே வாங்கியிருக்கேன். அட்டைக்குக் கேசு ஒண்ணுமில்லை. ஆனா உலோகத்துல காசு மாதிரி அடிச்சுப் புழங்கவிட்டா அது வெள்ளைக்காரன் காலத்துலேருந்தே குத்தம். மேலேருந்து கேக்கறாங்க. இது என்னுது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எழுதிக்கிட்டுப் போறேன். யாரு அடிச்சதுன்னு நாங்க பாத்துக்கறோம்.”

‘என்னுது இல்லை’ என்பது முழு உண்மை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கடைக்கு ஆபத்தில்லை. ராவுத்தர் துண்டால் கையைத் துடைத்தார்.

“சாயா எடுக்கட்டா சாரே?”

“சாயா அப்புறம். இது உங்களுதா, இல்லையா?”

“குறி என்னுது” என்றார் ராவுத்தர். “எண்டெ கடையில வாங்கியிருக்கேன். எண்டெ கையால குடுத்திருக்கேன்.”

“அடிச்சது நீங்களா?”

“ம்.”

எஸ்.ஐ.க்கு எரிச்சல் வந்துவிட்டது. உதவி செய்ய வந்த மனிதரை இப்படிக் கையைப் பிசைய வைத்தால் வராதா? நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். “சரி. எத்தனை அடிச்சீங்க?”

“கொஞ்சம் சாரே.”

“கொஞ்சம்னா? நூறா?”

“இருக்கும்.”

“இருநூறா?”

“அதுவும் இருக்கும்.”

“ஐநூறா ராவுத்தரே? ஐநூறுன்னா விஷயம் வேற. கடைக்குச் சீல் வெச்சு உங்களைக் கூட்டிக்கிட்டுப் போகணும். ஐநூறு இருக்குமா?”

ராவுத்தர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் ஆயிரம் என்று கேட்டாலும் தலையாட்டுவார். அவர் தலை ஆடத் தொடங்கியது. எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது நியாயமோ பரிதாபமோ இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு எண் தப்பாகப் பதிவாகப் போகிறது, அவ்வளவுதான்.

“நாப்பது சார்” என்றேன். “சரியா நாப்பது.”

கடை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. கான்ஸ்டபிள் ஓர் அடி முன்னால் வந்தார்.

“நீ யாரு?”

மண்டியின் பெயரைச் சொன்னேன்.

“நாப்பதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

வேலை போகும், அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் ஓடியது. எஸ்.ஐ. என்னையும் ராவுத்தரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ராவுத்தரே, இந்தத் தம்பியா அடிச்சான்?” என்றார்.

“இல்லை” என்றார் ராவுத்தர்.

மூலை பெஞ்சில் இருந்த சுமைத் தொழிலாளி ஒருவர், “எந்தா பறஞ்ஞது?” என்று பக்கத்து ஆளை இடித்தார். வாசலில் இருந்த சவரக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். சொன்னவருக்கே அந்த வார்த்தை பழக்கமில்லாததால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

எஸ்.ஐ. பேனாவை மூடினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“மூணு வருஷமா இங்க வர்றேன். தீர்ந்துபோன பரோட்டாவுக்குக்கூட இந்த வார்த்தையை நீங்க சொன்னதில்லை. இன்னைக்குச் சொல்றீங்க. பொய்யின்னு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, நாப்பதுன்னு நீதான் சொன்னே. நாப்பதும் சனிக்கிழமை நாலு மணிக்கு இந்த மேஜைமேல இருக்கணும். ஏழு என்கிட்ட இருக்கு. ஊர்ல ஒண்ணுகூட மிஞ்சலைன்னு எழுதி ஃபைலை மூடிடறேன். ஒண்ணு குறைஞ்சாலும், அது நாளைக்கு வேற பஸ்ஸுல முளைச்சா, உன்னைத்தான் கூப்பிடுவேன். இப்ப சாயா குடுங்க ராவுத்தரே.”

முப்பத்துமூன்று வில்லைகளுக்கு நான்கு நாள். கல்லாப் பெட்டியிலேயே பதினான்கு இருந்தன. சேவியர் செலவழிக்காமல் வைத்திருந்தவை ஐந்து. போலீஸ் என்றதும் அவற்றைக் காயல் தண்ணீரில் எறியப் போனவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். சவரக்காரரிடம் நான்கு. கொங்கணி அம்மாளிடம் மூன்று. பள்ளிவாசல் உண்டியலில் மறுபடி இரண்டு. சேவியரின் அம்மா ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகப் போட்ட இரண்டைக் கும்பளங்கி மாதாகோயிலில் மணியடிக்கும் கப்பியார், “கர்த்தாவின்கூடெ களிக்கருது” என்று, கர்த்தரோடு விளையாடக் கூடாதென்று திட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்னும் இரண்டு, ஏலூரில் உரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் பையில் போய்விட்டதாகத் துப்பு கிடைத்தது. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுப் படகும் பஸ்ஸுமாக ஏலூர் போய், ஷிஃப்ட் முடிந்து அவர் வெளியே வரும்வரை வாசலில் நின்று வாங்கிவந்தேன். அவற்றைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்தார், ஓட்டை போட்டு. ஓட்டை போட்டாலும் துட்டு துட்டுதான் என்று எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

ஆக முப்பத்திரண்டு. எஸ்.ஐ.யின் ஏழும் சேர்ந்தால் முப்பத்தொன்பது.

ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை. சீட்டாட்டக்காரர்களின் பாயைத் தூக்கிப் பார்த்தோம். சாக்கடை ஓரம் பார்த்தோம். சனிக்கிழமை காலையில் ராவுத்தரிடம் போய், “ஒண்ணு கிடைக்கலை” என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“நாலு மணிக்குத்தானே?” என்றார்.

நான்கு மணிக்கு எஸ்.ஐ. தனியாக வந்தார். ராவுத்தர் கல்மேஜையைத் துடைத்து, எஸ்.ஐ. கொடுத்த ஏழையும் சேர்த்து வில்லைகளை வரிசைக்குப் பத்தாக அடுக்கினார். நான் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியமில்லை என்று நினைத்து முதல் தடவையாக ஒரு எண்ணிக்கையிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டேன். எஸ்.ஐ. விரலை வைத்து எண்ணினார்.

“முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது.” விரல் நின்றது. “நாப்பது.”

பார்த்தேன். கடைசி வரிசையில் பத்தாவதாக ஒன்று இருந்தது. மற்ற முப்பத்தொன்பதும் உளியால் அடித்த ஒரே வட்டம். இது கடித்து வைத்த பப்படம் போல மூன்று பக்கம் கோணி, ஓரம் முழுக்கப் பிசிறாக இருந்தது. பால் டின் மூடி. நடுவில் கறுப்பு மையால் கையால் வரைந்த ஏதோ ஒரு படம். ராவுத்தரின் இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

“என் கத்தரி பல்லெல்லாம் போயிருச்சு! யாரு எடுத்தது?” என்று தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அக்கா முந்தின நாள் ராத்திரிதான் பாலக்காட்டிலிருந்து திரும்பியிருந்தார். ராவுத்தர் அது காதில் விழாத மாதிரி நின்றார்.

எஸ்.ஐ. அந்த வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இது என்ன படம்? வாளியா?”

“சாயா கிளாஸ் சாரே.”

“இதுவும் அந்த உளியால அடிச்சதுதானா?”

“ஆமா சாரே.”

“அதே ஆளு அடிச்சது?”

“அதே ஆளு.”

எஸ்.ஐ. மீசைக்குள் ஏதோ நடந்தது. நாற்பதையும் கைக்குட்டையில் அள்ளி முடிச்சுப் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: சட்டப்படி பார்த்தால் அந்த மேஜைமேல் இருந்த நாற்பதில் அந்தக் கோணல் வில்லை ஒன்றுதான் ராவுத்தர் செய்த குற்றம். மற்றதெல்லாம் நானும் சேவியரும் அடித்தது. அது ஒன்றை அவர் காலையிலிருந்து மாலைக்குள், விரலை வெட்டிக்கொண்டு, எனக்காகச் செய்திருந்தார்.

எஸ்.ஐ. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். நாற்பது என்று எழுதுவது தலைகீழாகத் தெரிந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. தலையை நிமிர்த்தாமலே, “இன்னைக்குத் தேதி என்னப்பா?” என்றார்.

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். தேதியென்றால் அங்கே என்னைத்தான் கேட்பார்கள். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ராவுத்தர் உட்பட.

“எனக்குத் தெரியாது சார்” என்றேன்.

முதலில் சிரித்தது ராவுத்தர். பிறகு எஸ்.ஐ. அப்புறம் கடை முழுவதும். தட்டிக்குப் பின்னால்கூட ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்று சிங்க மாதம் ஒன்றாம் தேதி, மலையாள வருஷப் பிறப்பு.